முகத்தைக் கடைசியாகப் பாருங்கள்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



தமிழ்த்துறை நடத்தும் பொழிவில் புகைப்படத்துக்கு என்ன வேலை என்று அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஏட்டுச்சுவடியை எப்படி வாசிக்க வேண்டும் என்பதற்குத் தமிழ்ப் பதிப்புலகம் ஒரு முறையை வளர்த்து வைத்திருக்கிறது. ஏடு எந்த ஊரிலிருந்து வந்தது, யார் படியெடுத்தது, எங்கே எழுதியவரின் கை தடுமாறியது, எங்கே பூச்சி அரித்தது, வேறு படிகளில் என்ன பாடம் என்று இவ்வளவும் பார்த்த பிறகுதான் சி.வை. தாமோதரம் பிள்ளையும் உ.வே. சாமிநாதையரும் மூலத்தை நிறுவினார்கள். நம் வீட்டுச் சுவரில் தொங்கும் கொள்ளுத்தாத்தா படத்துக்கு இந்த மரியாதையை நாம் தருவதில்லை. பார்த்ததும் நேரே முகத்துக்குப் போகிறோம். "அப்படியே நம்ம சின்னவன் ஜாடை" என்கிறோம். அத்தோடு வாசிப்பு முடிந்துவிடுகிறது.

பழைய ஸ்டுடியோ படமும் ஒரு சுவடிதான். பலர் கைபட்டு உருவானது. அதில் இருப்பவர், எடுத்தவர், கண்ணாடிப் பிளேட்டில் பூசிய மருந்து, டச்சிங் என்னும் திருத்த வேலை செய்தவர், பிற்பாடு பாதுகாத்தவர் என எல்லாருடைய கைவேலையும் அதில் கலந்திருக்கிறது. முகத்தில்தான் இந்தக் கைகள் அதிகம் விளையாடியிருக்கும். ஆகவே முகம் சொல்வதைக் கேட்பதற்கு முன் மற்றவற்றை விசாரித்துவிட வேண்டும். இன்றைய பொழிவில் நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். எப்படி விசாரிப்பது என்பதை ஒரே ஒரு படத்தை வைத்துக்கொண்டு காட்டுகிறேன்.

படமும் அட்டையும்

திரையில் நீங்கள் பார்க்கும் படம் காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையொன்றில் வாங்கியது. பித்தளைச் செம்புகளுக்கும் பர்மாத் தேக்குத் தூண்களுக்கும் நடுவே ஓர் அட்டைப்பெட்டி நிறைய இப்படிப் படங்கள் கிடந்தன. நாற்காலியில் ஓர் ஆண், பக்கத்தில் நின்றபடி ஒரு பெண், இருவருக்கும் நடுவில் நான்கைந்து வயதுப் பையன். பெயர் எதுவும் இல்லை.

முதலில் அட்டை. படம் மெல்லிய தாளில் இருக்கிறது. தாளைத் தடித்த அட்டையில் ஒட்டியிருக்கிறார்கள். அட்டையின் அளவு ஏறத்தாழ ஆறரை அங்குலத்துக்கு நாலேகால். உலகெங்கும் 'கேபினெட்' என்று வழங்கிய அளவு இது. பாரிஸில் திஸ்தெரி என்பவர் 1854-இல் காப்புரிமை பெற்ற சிறு அட்டைப்படம் நம் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதை அடுத்து 1860-களில் வந்தது கேபினெட். சிறியதை ஆல்பத்தில் செருகினார்கள், பெரியதை மேசைமேல் நிறுத்தினார்கள். அளவைப் பார்த்தாலே அது கைக்குக் கை மாறுவதற்கா, வீட்டில் வைத்துப் பார்ப்பதற்கா என்று ஊகிக்கலாம்.

தாளின் நிறம் செம்பழுப்பு. இதைப் பார்த்ததும் 'பழசாகிப் பழுத்துவிட்டது' என்கிறோம். எடுத்த அன்றே அது அந்த நிறம்தான். கண்ணாடி நெகட்டிவைத் தாளின்மேல் வைத்து அழுத்தி, சட்டத்தோடு வெயிலில் காயவிட்டுப் படமெடுத்த காலம் அது. வெயிலில் தானே உருவாகும் படத்துக்கு இயல்பான நிறம் பழுப்பு. முதுமையின் அடையாளம் வேறு இடத்தில் இருக்கிறது. அட்டையைச் சாய்த்துப் பிடித்தால் கறுத்த ஓரங்களில் நீலம் கலந்த ஒரு பளபளப்புத் தெரிகிறது. தாளிலுள்ள வெள்ளி ஈரக்காற்றுப் பட்டு மேலெழுந்து வந்திருக்கிறது.

இப்படி நெகட்டிவும் தாளும் முகத்தோடு முகம் ஒட்டிப் பதிவாவதால் ஒரு பெரிய நன்மை உண்டு. படம் பெரிதாக்கப்படவில்லை. கண்ணாடி என்ன அளவோ படமும் அதே அளவு. அதனால் நுணுக்கம் சிதையாமல் அப்படியே இறங்கியிருக்கும். நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால் சேலைக் கரையின் இழையோட்டம் தெரியும். பழைய படத்தை உற்றுப் பார்ப்பது பயன் தருவதற்கு இதுவே காரணம். இன்றைய செல்பேசிப் படத்தை அப்படி நெருங்கினால் கட்டம் கட்டமாக உடைந்துவிடும்.

அட்டையின் பின்பக்கம் சுவடியின் கடைசி ஏட்டுக்குச் சமம். படியெடுத்தவர் பெயரும் ஊரும் அங்கேதான் இருக்கும். பொதுவாக ஸ்டுடியோ பெயர், ஊர், கண்காட்சியில் வாங்கிய பதக்கம், 'நெகட்டிவ் பத்திரப்படுத்தப்படும், எப்போது வேண்டுமானாலும் பிரதி கிடைக்கும்' என்ற உறுதிமொழி எல்லாம் அச்சாகியிருக்கும். இந்த அட்டையின் பின்பக்கத்தை யாரோ ஆல்பத்திலிருந்து பிய்த்திருக்கிறார்கள். அச்சடித்த பகுதி ஆல்பத்தோடு போய்விட்டது. ஒரு மூலையில் பென்சிலால் எழுதிய ஓர் எண்ணும் அதன்கீழ் '3 காப்பி' என்ற குறிப்பும் மட்டும் தப்பியிருக்கின்றன. எண் நெகட்டிவுக்கு உரியது. மூன்று காப்பி என்பது வாடிக்கையாளர் கேட்டது. ஆக, இதே படம் இன்னும் இரண்டு வீடுகளுக்குப் போயிருக்கிறது. பிறந்த வீட்டுக்கு ஒன்று, ரங்கூனிலோ பினாங்கிலோ கொழும்பிலோ இருந்த உறவுக்கு ஒன்று என்பது அன்றைய வழக்கம். படம் எடுப்பதே பல வேளை யாராவது கப்பலேறுவதையொட்டித்தான்.

வெளிச்சமும் படுதாவும்

அடுத்து வெளிச்சம். மூவரின் நிழலும் ஒரே பக்கம் மென்மையாக விழுகிறது. மூக்கின் ஒரு புறம் மட்டும் இலேசான இருட்டு. மின்விளக்கு இல்லாத ஸ்டுடியோ. கூரையிலோ சுவரிலோ வடக்குப் பார்த்துக் கண்ணாடி வைத்து, வெள்ளைத் திரையால் வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் எடுப்பார்கள். நம்மைப்போல் பூமத்திய ரேகைக்கு வடக்கே இருப்பவர்களுக்கு வடக்கு வானத்திலிருந்து பெரும்பாலும் நேர்வெயில் வராது, ஒரே சீரான வெளிச்சம் வரும். மாடியில் ஸ்டுடியோ வைத்ததற்கும் காலையிலேயே வரச் சொன்னதற்கும் இந்த வெளிச்சக் கணக்குத்தான் காரணம்.

பின்னால் எழுதிய படுதா. கைப்பிடிச் சுவர், அதற்கப்பால் ஏரி, ஏரிக்கு அப்பால் ஏதோ ஒரு மாளிகை. படுதா தரையைத் தொடவில்லை. இரண்டு விரற்கடை இடைவெளியில் காரை பெயர்ந்த சுவர் தெரிகிறது. கீழே விரித்த ஜமுக்காளத்தின் ஒரு முனை சுருண்டிருக்கிறது. படம் எடுத்தவர் இதைப் பார்க்காமலில்லை. அட்டையில் ஒட்டும்போது ஓரங்கள் வெட்டுப்பட்டுவிடும் என்று கணக்குப் போட்டிருப்பார். வெட்டியவர் கொஞ்சம் தாராளமாக விட்டுவிட்டார். அந்தத் தாராளத்தால்தான் நமக்கு அந்த அறையின் உண்மைச் சுவர் ஒரு சாண் நீளத்துக்குக் கிடைத்திருக்கிறது.

இந்தப் படுதாக்களை எழுதியவர்கள் யார்? நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதிய அதே கைகள்தான் பல இடங்களில். கோவில்பட்டி சி. கொண்டைய ராஜுவை நாம் காலண்டர்ச் சாமி படங்களுக்காக நினைவில் வைத்திருக்கிறோம். அவர் நாடகக் கம்பெனிக்குத் திரை எழுதியவர். கம்பெனி கலைந்தபின் 1940-களில் கோவில்பட்டியிலேயே அவரும் மாணவர்களும் தங்கி, தேவி ஆர்ட் ஸ்டுடியோ என்று நடத்தினார்கள். மேடைத் திரை, ஸ்டுடியோப் படுதா, பூசையறைக் காலண்டர் மூன்றும் ஒரே பட்டறையிலிருந்து வெளிவந்திருக்கின்றன. ஸ்டுடியோவுக்குள் கால் வைத்தவர் ஒரு மேடையில்தான் ஏறினார் என்பதை அந்த மாளிகை வரைந்த படுதாவே ஒப்புக்கொள்கிறது.

நாற்காலிக்கு வருவோம். சாய்மானத்தின் மேல் செதுக்கிய இரண்டு உருண்டைகளில் இடப்பக்கத்து உருண்டை உடைந்திருக்கிறது. இதே உடைந்த நாற்காலியை வேறொரு குடும்பத்தாரின் ஆல்பத்தில் பார்த்தேன். அந்தப் படத்தின் அட்டை முழுதாக இருந்தது, அதில் ஊர் திருச்சிராப்பள்ளி என்று அச்சாகியிருந்தது. காரைக்குடியில் விலைக்கு வந்த படம் காரைக்குடியில் எடுத்ததன்று. பெயரிழந்த படத்தின் ஊரைக் கண்டுபிடிக்க நாற்காலியும் படுதாவும்போல் நம்பகமான சாட்சி வேறில்லை. மனிதர்கள் வந்து போனார்கள். நாற்காலி அங்கேயே இருந்தது.

கையும் காலும்

இனி உடம்பு. அந்த ஆணின் கோட்டுக் கை மணிக்கட்டைத் தாண்டி விரல் கணுவரை வருகிறது. தோளும் பொருந்தவில்லை. அவருக்காகத் தைத்த கோட்டு அல்ல. ஸ்டுடியோக்களில் கோட்டும் கைக்கடிகாரமும் இரவலாகக் கிடைத்தன. மேசையில் அடுக்கிய புத்தகங்களும் அப்படித்தான். இதைக் கண்டுபிடித்ததும் பலர் 'எல்லாம் வேஷம்' என்று சிரிப்பார்கள். சிரிக்க ஒன்றுமில்லை. ஒருவர் எப்படி இருந்தார் என்பதற்கு ஊரில் வேறு சாட்சியங்கள் உண்டு. எப்படித் தெரிய விரும்பினார் என்பதற்கு ஸ்டுடியோ படத்தை விட்டால் வேறு ஆவணமே இல்லை.

பெண்ணின் வலக்கை நாற்காலிச் சாய்மானத்தில் இருக்கிறது. பூதக்கண்ணாடியில் பாருங்கள். நான்கு விரல் மரத்தின் முன்பக்கம், கட்டைவிரல் பின்பக்கம். அலங்காரத்துக்கு வைத்த கை இப்படி இருக்காது. பற்றியிருக்கிறார். லென்ஸ் மூடியை எடுத்துவிட்டு ஒன்று, இரண்டு என்று எண்ணி மறுபடி மூடும்வரை அசையக் கூடாது. நிற்பவருக்குப் பிடிமானம் வேண்டும். அதற்கு முந்தைய தலைமுறையில் கழுத்துக்குப் பின்னால் இரும்புக் கவட்டை வைத்தே நிறுத்தினார்கள்.

ஆண் உட்கார்ந்து பெண் நிற்பதை ஆணாதிக்கத்தின் அடையாளம் என்று சட்டென்று எழுதிவிடுகிறோம். ஆதிக்கம் இல்லை என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் பெண் உட்கார்ந்து ஆண் நிற்கும் படங்களும் அதே ஸ்டுடியோக்களிலிருந்து வந்திருக்கின்றன. நிற்கும்போதுதான் சேலையின் முழு நீளமும் கரையும் ஒட்டியாணமும் தெரியும். காசு கொடுத்துப் படமெடுக்கும் குடும்பத்துக்கு அதுவும் ஒரு கணக்கு. ஒரே படத்தை வைத்து ஒரு சமூகத்துக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள். ஐம்பது, நூறு படங்களை வரிசையாக அடுக்கிப் பாருங்கள். எது அந்தக் குடும்பத்தின் வழக்கம், எது ஸ்டுடியோக்காரரின் வழக்கம் என்று அப்போதுதான் பிரியும்.

பையனின் வலக்கால் கலங்கியிருக்கிறது. ஒரு பாதத்துக்குப் பதில் ஒன்றரைப் பாதம். மற்ற எல்லாம் கூர்மையாக இருக்க, அவன் கால் மட்டும் எண்ணி முடிப்பதற்குள் அசைந்துவிட்டது. அப்பாவின் கை அவன் புஜத்தைச் சுற்றியிருக்கிறது. சட்டைத் துணி அந்த இடத்தில் கொத்தாகச் சுருங்கியிருப்பதைப் பாருங்கள். தூரத்திலிருந்து பார்த்தால் அரவணைப்பு. கிட்டே போனால் இறுக்கிப் பிடித்த பிடி. மேல்பாதி அவர் வசம் நின்றது, கீழ்பாதி நிற்கவில்லை. இந்தப் படத்தில் யாரும் திட்டமிடாமல் பதிவான செய்தி அந்தக் காலொன்றுதான்.

மருந்து பார்த்த நிறம்

பெண்ணின் நெற்றிப்பொட்டு கன்னங்கரேலென்று இருக்கிறது. சேலையும் கறுப்பு. கைம்பெண்ணோ, துக்கமோ என்றெல்லாம் யோசிக்க வேண்டியதில்லை. மெட்டியும் பொட்டும் அதை மறுக்கின்றன. குற்றம் பிளேட்டுடையது.

அன்றைய சாதாரணப் பிளேட்டின் மருந்து நீல ஒளிக்கு மட்டுமே அசைந்தது. ஜெர்மன் வேதியியலர் ஹெர்மன் ஃபோகல் 1873-இல் சாயம் கலந்து பச்சை, மஞ்சள்வரை அதன் பார்வையை நீட்ட வழி கண்டார். சிவப்பு உட்பட எல்லா நிறத்தையும் ஓரளவு சரியாகப் பார்க்கும் பிளேட் 1906-இல்தான் கடைக்கு வந்தது. வந்த பிறகும் ஸ்டுடியோக்காரர்கள் பழையதை எளிதில் விடவில்லை. பழையதைச் சிவப்பு விளக்கில் கண்ணால் பார்த்துக்கொண்டே கழுவலாம். புதியதை இருட்டில் தடவித்தான் கழுவ வேண்டும்.

நீலத்தை மட்டும் பார்க்கும் மருந்துக்கு அரக்குச் சேலையும் கறுப்பு, மாம்பழ மஞ்சள் சேலையும் ஏறக்குறையக் கறுப்பு. குங்குமம் கறுப்பு. தங்கம், ஒளி பட்டுத் தெறிக்கும் இடம் நீங்கலாக மங்கல். ஆனால் நீலச் சேலை வெளிறி வெள்ளையாகிவிடும். மஞ்சள் பூசிக் குளித்த முகம் இன்னும் கறுக்கும். மஞ்சள் என்பது நீலத்தை விழுங்கும் நிறமல்லவா? நம் தோலின் பழுப்பிலும் சிவப்பும் மஞ்சளும்தான் மேலோங்கி இருக்கின்றன. அந்தப் பிளேட் நம் எல்லாரையும் உள்ளதைவிடக் கறுப்பாகத்தான் பதித்தது. ஸ்டுடியோவில் கண்ணாடி, சீப்புக்குப் பக்கத்தில் தவறாமல் பவுடர் டப்பா இருந்ததற்கு அழகாசை மட்டும் காரணமாக இருக்க முடியாது.

'எங்கள் கொள்ளுப்பாட்டி நல்ல கறுப்பு, படத்தில் பாருங்கள்' என்று குடும்பங்களில் பேசிக்கொள்கிறோம். பெண் பார்க்கும் பேச்சில்கூட அந்தப் படம் சாட்சியாக வந்துவிடுகிறது. அது செல்லாத சாட்சி. 1920-களுக்கு முந்தைய படத்தை வைத்து யாருடைய நிறத்தையும் பேசக் கூடாது. துணியின் நிறத்தையும் பேசக் கூடாது. நெசவையும் கரையையும் வெட்டையும் பேசலாம். இந்தப் பெண்ணின் ரவிக்கை முழங்கைவரை நீண்டு, ஓரத்தில் லேஸ் வைத்திருக்கிறது. அந்த வெட்டும், அட்டையின் வகையும், வெயிலில் பதிந்த தாளும் சேர்ந்து 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளைக் காட்டுகின்றன.

டச்சிங்

பிளேட் கழுவிக் காய்ந்ததும் நேரே அச்சுக்குப் போகாது. சாய்வு மேசையில் கண்ணாடியை நிறுத்தி, பின்னாலிருந்து வெளிச்சம் வரச்செய்து, கூர்மையாகச் சீவிய பென்சிலால் முகத்தில் வேலை செய்வார்கள். நெகட்டிவில் பென்சில் பட்ட இடம் அச்சில் வெளுக்கும். அம்மைத் தழும்பும் கண்ணுக்குக் கீழ்ச் சுருக்கமும் இப்படித்தான் மறையும். மெல்லிய கத்தியால் சுரண்டினால் அந்த இடம் கறுக்கும். மீசை அடர்ந்ததும் புருவம் நேரானதும் அந்தக் கத்தியால். பூதக்கண்ணாடியில் இந்த ஆணின் கன்னத்தைப் பாருங்கள், புள்ளியும் கமாவுமாகப் பென்சில் கோடுகள். கழுத்தில் அவை இல்லை. கழுத்தின் தோல்தான் அவருடையது. கன்னம் டச்சிங்காரருடையது.

முகத்தைக் கடைசியாகப் பாருங்கள் என்று நான் சொன்னது இதனால்தான். படத்தில் திருத்தம் அதிகம் பட்ட பகுதி அதுவே. கைக்கும் காலுக்கும் டச்சிங் செய்ய யாரும் மெனக்கெடவில்லை.

டச்சிங்கின் எல்லையைத் தொட்ட இடம் ஒன்று உண்டு. படமெடுத்தால் ஆயுசு குறையும் என்று பலர் நம்பிய காலம் அது. பலருக்கு மிஞ்சிய ஒரே படம், இறந்த பிறகு நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து, மாலை போட்டு, பிள்ளைகளும் பேரன்பேத்திகளும் சுற்றி நின்று எடுத்ததுதான். அந்தப் படத்திலிருந்து முகத்தை மட்டும் தனியே எடுத்து, மூடிய கண்களின்மேல் திறந்த கண்களை எழுதிக் கொடுப்பார்கள். இன்று பல வீடுகளில் பூமாலைக்குப் பின்னால் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்கள் அப்படி எழுதியவைதாம். அந்தக் கண்ணில் கருணை தெரிகிறது, கண்டிப்பு தெரிகிறது என்று எழுதுமுன் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

பாடபேதம்

கண்ணாடி நெகட்டிவைத் திருப்பிப்போட்டு அச்சிட்டால் இடம் வலமாகிவிடும். மறுபதிப்புகளில் இது அடிக்கடி நடக்கிறது. சிறிய விஷயம் என்று நினைக்காதீர்கள். மடிசாரில் ஐயர் வீட்டுப் பெண்களின் தலைப்பு வலத்தோளில் வரும், ஐயங்கார் வீட்டில் இடத்தோளில். நெகட்டிவ் திரும்பினால் குடும்பமே சம்பிரதாயம் மாறிவிடும். சரிபார்க்க எளிய வழி, பக்கத்திலிருக்கும் ஆணின் கோட்டு. ஆண்கள் கோட்டில் இடப்பக்கம் மேலே வரும், பொத்தான் துளை அங்கேதான் இருக்கும். நம் படத்தில் கோட்டு சரியாக இருக்கிறது. படம் திரும்பவில்லை.

ஒரே ஒரு படி மட்டும் தப்பிப் பிழைத்து, அதுவே மூலபாடமாக நிலைத்துவிடுவதும் உண்டு. கணித மேதை சீனிவாச ராமானுஜனின் முகம் அப்படி நிலைத்தது. நாம் பாடநூலிலும் சுவரொட்டியிலும் பார்க்கும் அந்த முகம் 1919-ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் படத்திலிருந்து வந்தது. அவரை இங்கிலாந்துக்கு அழைத்த கணித அறிஞர் ஹார்டி, தம் நூலில் சேர்ப்பதற்கு ராமானுஜனின் நல்ல படம் ஒன்று வேண்டுமென்று கேம்பிரிட்ஜில் இருந்த வானியற்பியலர் எஸ். சந்திரசேகரிடம் சொல்லியிருந்தார். 1936-இல் இந்தியா வந்த சந்திரசேகர் சென்னையில் ராமானுஜனின் மனைவி ஜானகி அம்மாளைத் தேடிப் போனார். தேடலில் அந்தப் பாஸ்போர்ட் கிடைத்தது. பதினேழு ஆண்டு கழிந்தும் அதிலிருந்த படம் புதிதாகப் படியெடுக்கும் அளவுக்கு நன்றாக இருந்தது. 1940-இல் வெளிவந்த ஹார்டியின் நூலில் அது இடம்பெற்றது. பிற்பாடு அமெரிக்கச் சிற்பி பால் கிரான்லண்ட் வடித்த மார்பளவுச் சிலைக்கும் அதுவே ஆதாரம்.

அந்தப் படத்தையும் முகத்தை ஒதுக்கிவிட்டுப் பாருங்கள். வெட்டிச் சீவிய தலைமுடி. 1914-இல் கப்பலேறுமுன் எடுக்கப்பட்ட குடுமி திரும்ப வரவில்லை. உடம்பில் மேல்நாட்டுக் கோட்டு. படம் எடுத்ததற்கான காரணமே அரசாங்கக் கட்டாயம்தான். முதல் உலகப் போரின் கெடுபிடியில் 1915-இல்தான் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டில் படம் ஒட்டுவது கட்டாயமானது. இனி முகத்துக்கு வாருங்கள். 1917 முதல் நோயாளியாக மருத்துவ இல்லங்களில் கிடந்த மனிதரின் முகம் அது. படமெடுத்த மறு ஆண்டு ஏப்ரல் 26-இல் அவர் மறைந்தார். 1910-இல் அவரைச் சந்தித்த நெல்லூர் கலெக்டர் ஆர். ராமச்சந்திர ராவ் நினைவுகூர்ந்ததோ குள்ளமான, பருத்த, சவரம் செய்யாத ஓர் இளைஞரை. கும்பகோணமும் திருவல்லிக்கேணியும் அறிந்த ராமானுஜன் அந்தப் பருத்த உடம்புக்காரர். உலகம் அறிந்த ராமானுஜன் நோயில் இளைத்த பயணி. மேதைமையின் சாயல் என்று நாம் அந்தக் கண்ணில் படிப்பதில் காய்ச்சலுக்கும் பங்கு இருக்கலாம்.

கடைசியாக முகம்

இப்போது நம் மூவரின் முகத்துக்கு வரலாம். மூவரும் சிரிக்கவில்லை. அக்காலத்தவர் கடுமையானவர்கள் என்று இதற்கு உரை எழுதுவார்கள். எண்ணி முடிக்கும்வரை கலையாமல் நிற்கக்கூடிய பாவனை எது? சிரிப்பு நில்லாது, இறுக்கம் நிற்கும். தவிர, படத்துக்குப் பல்லைக் காட்டுவது மரியாதையில்லை என்பதும் வழக்கு. ஆகவே அவர் கண்டிப்பானவரா, அந்த அம்மாள் சோகமானவரா என்று இந்தப் படத்தைக் கேட்டுப் பயனில்லை.

அப்படியானால் நிச்சயமாகச் சொல்லக்கூடியது என்ன? 1910-ஐ ஒட்டி ஒரு நாள் ஒரு குடும்பம் திருச்சியில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனது. அவர் தம்முடையதல்லாத ஒரு கோட்டைப் போட்டுக்கொண்டார். அந்த அம்மாள் சேலை உடுத்தி, சாய்மானத்தைப் பற்றிக்கொண்டு நின்றார். பையன் சொன்னபடி நிற்கவில்லை. மூன்று காப்பி கேட்டார்கள். இவ்வளவே உறுதி. இது குறைவு என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த முகங்களை வைத்து எழுதக்கூடிய பத்துப் பக்கக் கற்பனையைவிட இந்த ஐந்து வாக்கியம் பெறுமதியானது.

இருந்தும் ஒரு பெருங்குறை. அவர்கள் யார் என்று எந்தப் பூதக்கண்ணாடியும் சொல்லாது. நாற்காலி ஊரைச் சொன்னது, ரவிக்கை காலத்தைச் சொன்னது. பெயரைச் சொல்ல ஒரே ஒருவரால்தான் முடியும், அந்தப் படத்தை வைத்திருந்த வீட்டுப் பெரியவரால். அவர் இருந்த காலத்தில் யாரும் கேட்டு எழுதவில்லை.

நம் பொறுப்பு

சென்னையில் போட்டோகிராஃபிக் சொசைட்டி 1856-லேயே தொடங்கிவிட்டது. அதே ஆண்டில் லின்னேயஸ் டிரைப் சென்னை அரசின் புகைப்படக்காரராக அமர்ந்து, பிறகு திருவரங்கத்தையும் மதுரையையும் தஞ்சையையும் படமெடுத்தார். அவருடைய கோயில் படங்கள் அரசு ஆவணமாகையால் பத்திரமாக இருக்கின்றன. குடும்பங்களின் முகங்களைப் பதித்த ஊர் ஸ்டுடியோக்களின் நெகட்டிவ்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கடை மூடியபோது கண்ணாடிகளைச் சுரண்டிக் கழுவிப் படச்சட்டத்துக்குப் போட்டார்கள். வெள்ளிக்காக விற்றார்கள், குப்பையிலும் கொட்டினார்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியுடன், தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோக்களைத் தேடிச் சென்று எஞ்சியவற்றை எண்மப்படுத்தியது நல்ல தொடக்கம். ஆய்வு மாணவர்களுக்குச் சொல்கிறேன்: உங்கள் ஊரில் மூடிக்கிடக்கும் ஸ்டுடியோ ஒவ்வொன்றும் ஓர் ஆய்வேட்டுக்கான களம். கண்ணாடிப் பெட்டியோடு அந்தக் கடையின் கணக்கு நோட்டையும் கேளுங்கள். எண்ணுக்கு நேரே பெயர் அதில்தான் இருக்கும்.

மற்றவர்களுக்கு வீட்டிலேயே வேலை இருக்கிறது. படத்தை அட்டையிலிருந்து பிரிக்காதீர்கள். சட்டத்தின் கண்ணாடியில் படம் ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காமல் கண்ணாடியோடு வையுங்கள். லேமினேட் செய்யாதீர்கள். செல்பேசியில் படமெடுத்து வைப்பதானால் பின்பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். பால்பாயிண்ட் பேனா வேண்டாம், மென்மையான பென்சிலால் அட்டையின் பின்னால் அழுத்தாமல் எழுதுங்கள். பிளாஸ்டிக் பூச்சுள்ள பிற்காலத் தாளில் பென்சில் பிடிக்காது, அதை உறையில் போட்டு உறைமேல் எழுதுங்கள். இடமிருந்து வலமாக முழுப்பெயர், ஊர், தெரிந்தால் ஆண்டு, என்ன விசேஷம் என்று எழுதுங்கள். 'தாத்தா', 'பெரிய அத்தை' என்று மட்டும் எழுதாதீர்கள். யாருக்குத் தாத்தா என்று அடுத்த தலைமுறைக்குத் தெரியாது.

வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய ஒருவர் இருந்தால், வரும் ஞாயிற்றுக்கிழமை அவர் பக்கத்தில் ஆல்பத்தோடு உட்காருங்கள். கையில் பென்சில் இருக்கட்டும்.